ஃபேமிலிசர்ச் இணையதளம்: பாம்பனிலிருந்து ஒரு மதிப்புரை

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளன்று, பாம்பன் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்திகளை ஏற்றிவிட்டு நின்றிருந்தபோது, கனடாவிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன், "நம்ம பூட்டனாரைப் பெத்தவர் பேரு என்னண்ணே?" என்று கேட்டான். பூட்டனார் இலங்கையின் கண்டிச் சீமைக்குத் தோட்ட வேலைக்குப் போனவர் என்பதும், போன இடத்திலிருந்து திரும்பி வந்து பாம்பனில் குடியமர்ந்தார் என்பதும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு முந்தைய தலைமுறையைப் பற்றிச் சொல்ல இன்று ஆள் இல்லை. அவன் தன் கைபேசியில், மூதாதையர் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் என்ற இணையதளத்தைத் திறந்து காட்டி, "இதுல தேடிப் பாருங்கண்ணே, ஒரு காசு கேக்க மாட்டாங்க" என்றான். அன்றிலிருந்து எட்டு மாதங்கள் அதில் தேடியிருக்கிறேன். எங்கள் கடற்கரையிலிருந்து இச்சேவையைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு என் அனுபவம் உதவக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், இது யாருடைய சேவை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை நடத்துவது இது. அச்சபையை 1830 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் நிறுவினார். இன்று அதன் தலைமையகம் உட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரில் இருக்கிறது. அங்கே 1894-இல் தொடங்கப்பட்ட வம்சாவழிச் சங்கம் ஒன்றுதான் படிப்படியாக வளர்ந்து, 1938 முதல் உலகெங்கும் உள்ள பதிவேடுகளை நுண்படச் சுருள்களில் (மைக்ரோஃபிலிம்) படம்பிடித்து, 1999-இல் இணையதளமாகவும் ஆயிற்று. சுமார் 24 லட்சம் சுருள்கள் சேர்ந்தன. அவற்றைக் கணினிப் படங்களாக மாற்றும் வேலை 2021-இல் முடிந்தது. தேடுவதற்கும், படத்தைப் பார்ப்பதற்கும், குடிவழியைப் பதிந்து வைப்பதற்கும் கட்டணம் இல்லை. சில பதிவேடுகளின் படங்களை மட்டும் வீட்டிலிருந்து திறக்க முடியாது; ஆவணத்தைக் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி, சபையின் மையங்களிலோ அதனோடு இணைந்த நூலகங்களிலோதான் அவற்றைப் பார்க்கலாம்.

இவ்வளவு செலவு செய்து ஏன் இலவசமாகத் தருகிறார்கள் என்ற கேள்வி எனக்கு முதல் நாளே எழுந்தது. விடை அவர்களுடைய நம்பிக்கையில் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது தங்கள் சபையின் ஞானஸ்நானத்தைப் பெறாதவர்களுக்கு, இறந்த பின்பும் அவர்கள் சார்பில் உயிரோடிருக்கும் ஒருவர் அதைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது 1840-இல் ஜோசப் ஸ்மித் தொடங்கிவைத்த போதனை. கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தில், இறந்தோருக்காகத் திருமுழுக்குப் பெறுவோரைப் பற்றி வரும் ஒற்றை வசனத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்தச் சடங்கைச் செய்ய இறந்தவரின் பெயர் வேண்டும், பெயருக்குப் பதிவேடு வேண்டும். ஆகவே இந்தத் தளம் அவர்களுடைய மறைபணியின் ஒரு கை. ஒரு கை வாசலில் நின்று உயிரோடிருப்பவரை அழைக்கிறது. இன்னொன்று பேரேட்டைப் புரட்டி இறந்தவரைத் தேடுகிறது.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இது அவ்வளவு விநோதமாகத் தோன்றாது என்றே நினைக்கிறேன். பாம்பனிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் இராமேசுவரம் அக்னி தீர்த்தம்; அங்கே ஆடி அமாவாசையன்று கரையில் உட்காருகிறவரிடம் புரோகிதர் அப்பா பெயர், தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர் என்று மூன்று தலைமுறையைக் கேட்காமல் தர்ப்பணத்தைத் தொடங்குவதில்லை. சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் அதே கேள்விதான். மூன்றாவது பெயரில் தடுமாறி, ஊருக்குக் கைபேசியில் கூப்பிட்டுக் கேட்கும் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். ஹரித்துவார் முதலிய வடநாட்டுத் தலங்களில் பண்டாக்கள் என்னும் புரோகிதர்கள் வழிவழியாக எழுதி வைத்திருக்கும் யாத்திரிகர் ஏடுகளை ஃபேமிலிசர்ச் படம்பிடித்துத் தளத்தில் ஏற்றியிருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு குறைந்தது. இறந்தவர்களின் பெயரை எழுதி வைப்பவர்கள் யாராயினும் அவர்களிடம் போய் நிற்பது இவர்களின் வழக்கம்.

ஆனால், உயிரோடிருப்பவர்களை அழைத்து வந்த கை தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் வெறுங்கையாகத் திரும்பியிருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இத்தளத்தின் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டுகிறவர், எனக்கு நேர்ந்ததைப் போல, முதல் மாதத்தை வீணாக்குவார். 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரில் கூடிய சிறப்பு மாநாட்டில், சபைத் தலைவர் பிரிகாம் யங்கின் காலத்தில், பலருக்கு வெளிநாட்டுப் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர்களுள் ஒன்பது பேர் இந்தியாவுக்கும் நால்வர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) உரியவர்கள். பதின்மூன்று பேரும் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி 1853 ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கினார்கள். அங்கிருந்து ரிச்சர்டு பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் ஆகிய மூவர் அதே ஆண்டு மதராசுக்கு வந்தார்கள். பாலன்டைன் 1849-இல் சால்ட் லேக் நகரில் தம் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். மதராசில் அவர் துண்டுநூல்களும் ஒரு மாத இதழும் அச்சிட்டார். பலன் சொற்பம். 1854-இல் அவர் கப்பலேறிவிட்டார். 1856-க்குள் ஏறக்குறைய எல்லாருமே இந்தியாவை விட்டுப் போய்விட்டார்கள். சயாமுக்கு என்று புறப்பட்ட நால்வரில் சான்சி வெஸ்ட், பெஞ்சமின் டியூயி என்ற இருவர் எங்களுக்கு எதிர்க்கரையான இலங்கையில் இறங்கிப் பார்த்து, அங்கும் ஆதரவு கிடைக்காமல் பம்பாய்க்குப் போனதாக வரலாறு. எங்கள் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், காலூன்றவில்லை.

தோல்விக்குக் காரணங்கள் பல. அவற்றுள் பெரியது, அவர்களை அனுப்பிய அதே மாநாட்டில்தான் பலதார மணத்தைச் சபை வெளிப்படையாக அறிவித்தது என்பது. கப்பல் வருமுன்பே செய்தி வந்துவிட்டது. பத்திரிகைகளும் பாதிரிமார்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோது என் நினைவு ஓரியூருக்குப் போயிற்று. அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்ற போர்த்துக்கீசியக் குரு ஜான் தே பிரிட்டோ தலை வெட்டப்பட்டதற்கு உடனடிக் காரணம், மனந்திரும்பிய மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதுதான். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினர். பல மனைவியரை விடச் சொன்ன போதகருக்கு இராமநாதபுரம் சீமையில் கழுத்தில் வாள் விழுந்தது. பல மனைவியரை அனுமதித்த சபையின் போதகர்களுக்கு, நூற்றறுபது ஆண்டுகள் கழித்து, மதராசில் கதவடைப்பு. பின்னர் 1890-இல் அச்சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அந்த அறிவிப்பை வெளியிட்ட வில்ஃபோர்டு உட்ரஃப் தலைவராக இருந்த காலத்தில்தான் மேலே சொன்ன வம்சாவழிச் சங்கமும் தோன்றியது.

இன்னொரு காரணம் இந்த மதிப்புரைக்கு மிக முக்கியமானது. 1853-இல் வந்தவர்கள் பேசியது பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தவர்களிடம். பட்டாளத்துக்காரர்கள், கிழக்கிந்தியக் கும்பினி அலுவலர்கள், அவர்களின் குடும்பத்தார். தமிழ் அறிந்து மீனவக் குப்பத்துக்குள் நடந்து வந்தவர் அவர்களுள் இல்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு குப்பம் குப்பமாக மணியடித்துக்கொண்டு போனதையும், அவருக்குப் பின் இப்பகுதியைக் கவனித்த அந்தோனி கிரிமினாலி 1549-இல் எங்கள் வேதாளையில் கொல்லப்பட்டதையும் நினைத்தால் வேறுபாடு விளங்கும். வேடிக்கை என்னவென்றால், இன்று அத்தளத்தில் மதராஸ் மாகாணம் என்று தேடினால் எனக்கு வந்து விழுந்தவையும் பெரும்பாலும் அதே ஆங்கிலம் பேசியவர்களின் பெயர்கள்தாம்.

இதற்குக் காரணம் சபையின் பாரபட்சம் அன்று, காகிதம் போன வழி. கும்பினி ஆட்சியிலும் அதற்குப் பின்னும் ஆங்கிலேயக் குருமார் தாங்கள் கொடுத்த திருமுழுக்கு, நடத்திய திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களை லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். அந்த நகல்கள் இந்தியா ஆபீஸ் ஆவணங்களாகப் பத்திரப்பட்டன, நுண்படமாகின, பெயர் வாரியாக அட்டவணையாயின. என் நண்பர் ஒருவரின் பாட்டி, மண்டபத்தில் பணியாற்றிய ஆங்கிலோ இந்திய ரயில் ஊழியரின் மகள். அந்தப் பாட்டியின் பெற்றோருடைய திருமண விவரம், தந்தையின் பெயரோடும் வயதோடும், கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வகைக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல சேவை இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

எங்கள் குடும்பத்துக்கு அப்படி நடக்கவில்லை. முதல் சிக்கல் பெயர். தேடல் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. நம் வழக்கத்தில் தகப்பன் பெயர் தலையெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் அது மறைந்து வேறொன்று வந்துவிடும். குடும்பப்பெயர்க் கட்டத்தில் எதை இடுவது? பர்னாந்து, மோத்தா, ரோச் போன்ற போர்த்துக்கீசியப் பெயர்களைச் சுமக்கும் பரதவர் குடும்பங்களுக்குக் கொஞ்சம் வசதி. ஆனால் பர்னாந்து என்று தேடினால் கோவாவும் இலங்கையும் தென் அமெரிக்காவும் சேர்ந்து வந்து நிற்கும். நான் கண்டுகொண்ட வழி இதுதான்: பெயர்த் தேடலை விட்டுவிட்டு, தளத்தின் நூற்பட்டியலுக்குள் போய் இடத்தின் பெயரால், அதுவும் மாவட்டம், பழைய மாகாணம், அண்டை நாடு என்று மாற்றி மாற்றித் தேட வேண்டும். அட்டவணையில் ஏறாத பதிவேடுகளின் படங்கள் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு பக்கமாக நாமே புரட்டிக்கொள்ள வேண்டியதுதான். கையெழுத்தைக் கணினியே படித்து, சொல்லைக் கொண்டு தேடித்தரும் வசதியை 2024-இல் சேர்த்திருக்கிறார்கள். ஆங்கில ஆவணங்களில் அது வியக்கத்தக்க உதவி.

இரண்டாவது சிக்கல் ஆழமானது. எங்கள் கடற்கரையின் கத்தோலிக்கர்கள் தேட வேண்டியது பங்குக் கோவிலின் திருமுழுக்குப் பதிவேட்டை. அந்தப் பதிவேடுகளை மார்மன் சபையின் வம்சாவழிச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று வத்திக்கான் 2008-இல் உலகிலுள்ள ஆயர்களுக்கு எழுதிவிட்டது. பங்கு மக்களின் பெயர்கள் இறந்தோருக்கான ஞானஸ்நானத்துக்குப் பயன்படக்கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆகவே ஓர் அமைப்பின் மறைபணிச் சடங்கும் இன்னோர் அமைப்பின் மறுப்பும் நடுவில் மோதிக்கொண்டு நிற்க, என் பூட்டனாரின் பெயர் மர அலமாரிக்குள் இருக்கிறது. இரு தரப்பின் நியாயமும் எனக்குப் புரிகிறது. நாஜிகள் கொன்ற யூதர்களின் பெயர்களுக்கும் இந்தச் சடங்கு செய்யப்பட்டதால் எழுந்த எதிர்ப்பும், 1995-இல் யூத அமைப்புகளோடு சபை செய்துகொண்ட உடன்பாடும் தெரிந்தவர்கள் வத்திக்கானின் கவலையை மிகை என்று தள்ளமாட்டார்கள். சபையின் இன்றைய விதி, தன் உறவினர் பெயரை மட்டுமே ஒருவர் சடங்குக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. பிறந்து நூற்றுப்பத்து ஆண்டுகள் கடக்காதவராயின் நெருங்கிய உறவினரின் அனுமதியும் வேண்டும்.

எனினும், கொடுக்காமல் வைத்திருப்பவர்கள் காத்தும் வைக்க வேண்டும் அல்லவா? என் பெரியம்மா வீட்டார் தனுஷ்கோடியில் இருந்தவர்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் உயிர் தப்பிய பெரியம்மா, தம் திருமணச் சீட்டு முதல் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டு வரை எல்லாம் கடலோடு போனதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் சால்ட் லேக் நகருக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து, நுண்படச் சுருள்களை வைக்க ஒரு பெட்டகத்தை மார்மன்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ அறியாத ஸ்வீடன் நாட்டுக் கிராமத்தின் கல்யாணப் பதிவு அந்த மலைக்குள் பத்திரமாக இருக்கிறது. எங்கள் கடற்கரைக் கோவில்களின் பழைய ஏடுகள் உப்புக் காற்றிலும் கரையானிலும் கிடக்கின்றன. பெயரை வெளியே கொடுக்காமலேயே படம்பிடித்து வைக்க மறைமாவட்டத்தால் முடியும். சிவகங்கை மறைமாவட்டம் 1987-இல் மதுரையிலிருந்து பிரிந்தது என்பதால், பழைய தாள்களுக்கு இரண்டு இடங்களில் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

கண்டிச் சீமைக்குப் போனவர்களைத் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. மண்டபம் முகாமில் தொற்றுத்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டு, ஆள் சேர்த்த கங்காணி கையிலிருந்த துண்டுச் சீட்டின்படி தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கானோரில் என் பூட்டனாரும் ஒருவர். அவரை இத்தளத்தில் பெயரால் என்னால் எட்ட முடியவில்லை. அது தளத்தின் குறையென்று சொல்லமாட்டேன். தோட்டக் கணக்கில் ஆள் எண்ணிக்கையும் சம்பளப் பாக்கியும் இருந்த அளவுக்கு ஆளின் தகப்பன் பெயர் இருந்திருக்காது.

இனி, குடிவழி மரத்தைப் பற்றி. இத்தளத்தில் ஆளுக்கொரு மரம் கிடையாது; உலகம் முழுவதற்கும் ஒரே மரம். இறந்தவர் ஒருவருக்கு ஒரே பக்கம்; அதை எவரும் திருத்தலாம். உயிரோடிருப்பவர்களின் விவரம் மட்டும் பதிந்தவருக்குள் மறைவாக இருக்கும். சித்தப்பா மகன் டொரண்டோவிலிருந்து சேர்த்த பெயரை நான் பாம்பனிலிருந்து திருத்த முடிவது வசதிதான். அறியாதவர் ஒருவர் நம் ஆச்சிக்கு வேறொரு புருஷனைச் சேர்த்துவிடவும் முடியும் என்பது அதன் மறுபக்கம். ஆதாரத்தை ஒவ்வொரு பெயரோடும் இணைத்து வைப்பதும், நாம் பதிந்த பக்கம் மாறினால் அறிவிப்பு வரும்படி செய்துகொள்வதும் கட்டாயம்.

இதையொட்டி ஓர் எச்சரிக்கை. எங்கள் மாவட்டத்தில் கணினி மையம் ஒன்று, பரம்பரை வரலாறு எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி என்னிடம் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பத்து நாள் கழித்துச் சட்டம் போட்ட வண்ண அச்சு ஒன்றைக் கொடுத்தது. என் பூட்டனாரின் பெயருக்கு மேலே லிஸ்பனில் பிறந்த ஒரு கப்பல் தலைவர் இருந்தார்! விசாரித்ததில், இந்த இலவச மரத்திலேயே பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஒட்டவைத்திருக்கிறார்கள். மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இலவசமாகக் கிடைப்பதை விலைக்கு வாங்காதீர்கள் என்பதோடு விடுகிறேன். அந்த அச்சை என் பேத்தி மட்டும் விரும்புகிறாள், கப்பலுக்காக.

தளத்தைப் பயன்படுத்தினால் மதம் மாறச் சொல்வார்களா என்று எங்கள் பங்கின் அன்பியக் (அண்டை வீட்டார் கூடும் செபக்குழு) கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எட்டு மாதத்தில் என் வாசலுக்கு யாரும் வரவில்லை. தமிழ்நாட்டில் அச்சபையின் பிற்கால வரலாறும் ஆள் வந்து தொடங்கியது அன்று, காகிதம் வந்து தொடங்கியது: கோயம்புத்தூரைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் என்பவர் 1954-இல் தம் கைக்கு எட்டிய ஒரு துண்டுநூலைப் படித்துவிட்டு, தாமாகவே சால்ட் லேக் நகரத்துக்குக் கடிதம் எழுதி, பல ஆண்டுகள் காத்திருந்து 1965-இல் ஞானஸ்நானம் பெற்றார். மார்மன் புஸ்தகத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள் தமிழில் 1982-இல் வந்தன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறைபணி மண்டலம் 1993-இல் அமைந்தது. 2018-இல் இந்தியாவின் முதல் ஆலயத்தை அந்நகரில் கட்டப்போவதாக அறிவித்தார்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பலகையுமாக இருவர் இருவராக நடக்கும் அவர்களுடைய இளைஞர்களைச் சென்னையில் பார்த்திருக்கிறேன், பாம்பனில் பார்த்ததில்லை.

இலவசச் சேவை என்ற வகையில் இத்தளத்துக்கு நிகரான ஒன்றை நான் அறியேன். ஆங்கிலோ இந்தியர், ஆங்கிலிக்கன் சபை வழி வந்தோர், வெளிநாடுகளில் கிளைவிட்ட குடும்பத்தார் தயங்காமல் தொடங்கலாம். கடற்கரைக் கத்தோலிக்கரும் மற்றவர்களும் தங்கள் பெரியவர்கள் வாயால் சொல்வதைக் குரலாகப் பதிந்து அதில் சேர்த்து வைக்கப் பயன்படுத்தலாம். மூதாதையரின் பெயருக்கு வேறு இடம் போக வேண்டும். நான் போனேன். பங்குத்தந்தையிடம் கடிதம் கொடுத்து, கோவில்பிள்ளை துணையோடு இரண்டு பிற்பகல் ஏட்டைப் புரட்டியதில், பூட்டனாரின் திருமுழுக்கு வரி கிடைத்தது. தகப்பன் சந்தியாகு, தாய் மரியம்மாள், ஞானத்தாய் என்ற இடத்தில் பூச்சி அரித்திருக்கிறது. பெயர்களைக் கனடாவுக்குச் சொன்னேன். மரத்தில் ஏற்றிவிடட்டுமா என்று அவன் கேட்டிருக்கிறான். பூட்டனாரின் பேத்தி, என் அத்தை, தொண்ணூற்றொரு வயதில் தங்கச்சிமடத்தில் இருக்கிறார். அவரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு இணையம் என்றால் என்னவென்று விளக்குவதற்கே வரும் ஞாயிறு பூசைக்குப் பிறகு போகவேண்டும்.